ஜீப் பாடி போல்ட்டுக்குச் சரியான டார்க் எவ்வளவு?

ஏலத்தோட்டம் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப். போடியில் இருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. தோட்டத்துக்குள் ரோடு என்று எதுவும் கிடையாது, கல்லும் பள்ளமும்தான். மழை முடிந்ததும் பாடியைச் சேஸோடு (அடிச்சட்டத்தோடு) பிடிக்கிற ரப்பரை எல்லா இடத்திலும் புதிதாக மாற்றினோம். வேலை செய்த பட்டறையில் ஏர் கன்னை வைத்து எல்லா போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் 'டக் டக்' என்று சத்தம். கீழே படுத்துப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு ரப்பர் பிதுங்கி ஓரம் கிழிந்திருக்கிறது, பின்பக்கம் ஒரு நட்டைக் கையாலேயே திருப்ப முடிகிறது. அதே கன், அதே ஆள், ஒரே நாளில் செய்த வேலை. ஒரு இடத்தில் அளவுக்கு மீறி இறுகி, இன்னொரு இடத்தில் லூஸ் ஆனது எப்படி என்றே புரியவில்லை.

இந்த முறை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். டார்க் ரென்ச் (திருகு விசையை, அதாவது டார்க்கை, அளந்து இறுக்குகிற ஸ்பேனர்) ஒன்று இரவல் கிடைக்கும். ஆனால் வண்டியின் மேனுவல் என்னிடம் இல்லை. சில போல்ட் இஞ்ச், சில போல்ட் பிறகு யாரோ மாற்றிய 10 எம்எம். எத்தனை நியூட்டன் மீட்டர் வைப்பது? மரைக்கு கிரீஸ் தடவலாமா? ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்து வருகிற வண்டி, அதனால் சும்மா விட மனசு வரவில்லை.

கோவை பிட்டர் எழுதியது:

அண்ணே, நம்பரைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். கழற்றிய ரப்பருக்கு நடுவில் இரும்புக் குழாய் மாதிரி ஒரு ஸ்லீவ் இருக்கிறதா? உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஸ்லீவ் இருந்தால் போல்ட்டின் அழுத்தம் ரப்பர் மேல் விழாது. வாஷர், ஸ்லீவ், பிராக்கெட் என்று இரும்போடு இரும்பு உட்கார்ந்துவிடும், அப்போது போல்ட்டின் முழு டார்க்கையும் தைரியமாக வைக்கலாம். ரப்பர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை ஸ்லீவின் உயரமே முடிவு செய்துவிடும். ஸ்லீவ் இல்லாமல் வெறும் ரப்பர் பேட் மட்டும் என்றால், அங்கே எந்த டார்க் அட்டவணையும் உதவாது. இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கிக்கொண்டே போகும், கன் தன் முழு பலத்தையும் காட்டும் வரை சுற்றும், ரப்பர் கிழியும். உங்கள் முன்பக்கத்தில் இதுதான் நடந்திருக்க வேண்டும். பழைய ஸ்லீவைத் துருப்பிடித்தது என்று தூக்கிப் போட்டுவிட்டு ரப்பரை மட்டும் மாற்றுகிற பட்டறைகள் நிறைய உண்டு, அதையும் விசாரியுங்கள்.

இப்போது நம்பர். வண்டிக்குரிய மேனுவல் கிடைத்தால் அதில் உள்ளதுதான் கடைசி வார்த்தை, நான் சொல்வது அது கிடைக்காதபோது போல்ட்டை வைத்துப் போடுகிற கணக்கு. போல்ட் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். 8.8 என்று இருந்தால், முதல் 8 என்பது இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும் என்பது, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 8 அதில் 80 சதவீதத்தில், அதாவது 640இல், அது நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்பது. 8.8 போல்ட், எண்ணெய் இல்லாத உலர்ந்த மரை என்றால் 8 எம்எம்முக்கு சுமார் 25, 10 எம்எம்முக்கு 45 முதல் 50, 12 எம்எம்முக்கு 80 முதல் 85 என்எம் (நியூட்டன் மீட்டர்). தலையில் 4.6 என்று இருந்தாலோ எதுவுமே இல்லாமல் மொட்டையாக இருந்தாலோ அதில் பாதிக்கும் குறைவுதான் தாங்கும். ஹார்டுவேர் கடையில் வாசல் கேட்டுக்கு வாங்குகிற போல்ட் பெரும்பாலும் அந்த வகை, அதைப் பாடிக்குப் போடவே போடாதீர்கள்.

உங்கள் வண்டி வில்லிஸ் ஜீப் வழியில் வந்தது, அதனால்தான் பாடியில் இஞ்ச் போல்ட் இருக்கிறது. இஞ்ச் போல்ட்டில் எண் இருக்காது, தலையில் கோடு இருக்கும். மூன்று கோடு என்றால் கிரேடு 5, இது 8.8க்குப் பக்கத்தில் வரும். ஆறு கோடு என்றால் கிரேடு 8. 3/8 இஞ்ச் கிரேடு 5க்கு 40 முதல் 47 என்எம் வைக்கலாம், மரை பொடியாக இருந்தால் மேல் எண், பெரிதாக இருந்தால் கீழ் எண்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 3/8 இஞ்ச் என்பது 9.5 எம்எம் சொச்சம், மரை இடைவெளியும் 10 எம்எம் போல்ட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில் வரும். அதனால் 3/8 நட்டுக்குள் 10 எம்எம் போல்ட்டை விட்டால் ஒன்றிரண்டு சுற்று போகிற மாதிரி இருக்கும், அப்புறம் இறுகும், கன் வைத்தால் மரையை அரைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வைத்த அளவு வந்துவிட்டது என்று ரென்ச் 'கிளிக்' சொன்னாலும் அது வெறும் உராய்வு, பிடி எதுவும் இருக்காது. உங்கள் வண்டியில் யாரோ 10 எம்எம் போட்டிருக்கிறார்கள் என்கிறீர்களே, அந்த நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்த போல்ட்டாக இருந்தாலும் கடைசி வரை கைவிரலால் சுற்றியே உள்ளே போக வேண்டும்.

பழைய பட்டறை எழுதியது:

பிட்டர் தம்பி சொன்னதில் தப்பு இல்லை, ஆனால் டார்க் ரென்ச் இல்லாத காலத்திலும் மலையில் ஜீப் ஓடியது, பாடி கழன்று விழவில்லை. அனுபவப்பட்ட கைக்கு அளவு தெரியும். மரை பிடித்து, அப்புறம் கல் மாதிரி நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே நிறுத்தினால் போதும். ரென்ச்சை நம்பிக் கையை மறந்தவன் அழுக்கு மரையில் கிளிக் கேட்டவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறான், நான் பார்த்திருக்கிறேன்.

ரென்ச் இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம், இது கணக்குக்கும் சரியாக வரும். லக்கேஜ் எடை பார்க்கிற கொக்கித் தராசு கடைகளில் கிடைக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடி நுனியில் அந்தக் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்கு நேர் செங்குத்தாக இழுங்கள். போல்ட் நடுவில் இருந்து கொக்கி வரைக்கும் 25 சென்டிமீட்டர் என்றால், 19 கிலோ இழுவை சுமார் 47 என்எம். கைப்பிடி 40 சென்டிமீட்டர் என்றால் அதே 19 கிலோ 75 என்எம் ஆகிவிடும். அதாவது வேண்டிய என்எம்மை 9.8ஆல் வகுத்து, கைப்பிடி நீளத்தை மீட்டரில் வைத்து மறுபடி வகுத்தால் கிலோ வரும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்தால் கைக்கும் அளவு பழகிவிடும். சாய்த்து இழுத்தால் கணக்கு தப்பும், அது மட்டும் கவனம்.

அப்புறம் ஸ்பேனர். 3/8 போல்ட்டுக்கு 9/16 ஸ்பேனர்தான். 14 நுழையாது, 15 நுழையும் ஆனால் லூசாக இருக்கும், மூலை உருண்டுவிடும். மெட்ரிக் செட் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள்.

கோவை பிட்டர் எழுதியது:

ஐயா, கொக்கித் தராசு நல்ல யோசனை, நான் ஒப்புக்கொள்கிறேன். கை அளவு என்பதில்தான் எனக்குத் தயக்கம். உங்கள் கை ஒரே போல்ட்டில் பழகிய கை. இந்த வண்டியில் மூன்று வகை போல்ட் கலந்து கிடக்கிறது, ஒன்று துரு, ஒன்று புதுசு, ஒன்றில் எண்ணெய். கைக்கு மூன்றும் ஒரே மாதிரி இறுகியதாகத் தெரியும், உள்ளே பிடி மூன்று விதமாக இருக்கும். ஏர் கன்னும் இதில்தான் ஏமாந்தது. நாம் கொடுக்கிற திருகு விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது, தலைக்குக் கீழே பாதி, மரையில் மீதி. பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிற விசையாக மாறுகிறது. அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடி ரொம்பவே மாறும்.

கிரீஸ் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 10 எம்எம் 8.8 போல்ட்டை உலர்ந்த மரையில் 50 என்எம் வைத்தால் சுமார் 25 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட இரண்டரை டன் பிடி கிடைக்கும். அதே 50ஐ எண்ணெய் போட்ட மரையில் வைத்தால் 33 கிலோ நியூட்டன் வரை போகும். வழுக்கலான மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவி அதே 50ஐ வைத்தால் 40ஐத் தாண்டிவிடும், அந்த போல்ட் நீள ஆரம்பிப்பதோ 37இல். ரென்ச் சரியாகத்தான் கிளிக் சொல்லியிருக்கும், போல்ட் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டிருக்கும், ஆனால் திரும்பச் சுருங்காது. மலையில் மழையும் ஈரமும் அதிகம், துரு பிடிக்கும் என்று கிரீஸ் போடத்தான் வேண்டும் என்றால் போடுங்கள், டார்க்கை மட்டும் கால் பங்குக்கும் மேல் குறைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, மரையை உலர வைத்து இறுக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரைக்கும் நட்டுக்கும் மேலே துருத் தடுப்பு மெழுகு அடிப்பது எனக்குப் பிடித்த வழி. டார்க்கும் கெடாது, மழைத் தண்ணீரும் உள்ளே போகாது.

ஸ்பிரிங் வாஷர் பற்றி. இரண்டரை டன் பிடிக்குக் கீழே அது தட்டையாகி வெறும் வாஷராகிவிடும், அதற்கு மேல் அதால் எதையும் தடுக்க முடியாது. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்கிற ஜெர்மன் பொறியாளர் போல்ட் எப்படிக் கழல்கிறது என்று இயந்திரம் வைத்து ஆட்டிக் காட்டினார். மேலும் கீழுமாக ஆடுவதைவிட, பிடிக்கப்பட்ட இரண்டு பாகமும் குறுக்கே ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதுதான் நட்டை மிக வேகமாகக் கழற்றும் என்பது அதில் தெளிவானது. இப்போது உங்கள் வண்டியை யோசித்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் ஆட்களோடு பாடி வெளிப்பக்கம் தள்ளுகிறது, சேஸ் உள்பக்கம் முறுக்குகிறது. பிடி குறைந்த இடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சறுக்கல், ஒவ்வொரு சறுக்கலுக்கும் நட் ஒரு மயிரிழை திரும்பும். பின்பக்க நட் இப்படித்தான் கைக்கு வந்தது. அதனால் முதல் பாதுகாப்பு போதுமான பிடி, இரண்டாவது நைலான் வளையம் வைத்த லாக் நட். அது ஒருமுறை கழற்றினால் புதிதுதான், விலை பெரிதில்லை. இன்னொன்று, லாக் நட்டைச் சுற்றவே கொஞ்சம் விசை வேண்டும், அது நாலு என்எம் என்றால் அந்த நாலையும் டார்க்கோடு சேர்த்து வையுங்கள்.

ஏலத்தோட்டம் எழுதியது:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். இன்று கழற்றிப் பார்த்தேன். முன்பக்கம் ஸ்லீவ் இல்லை, பிட்டர் சார் சொன்ன மாதிரியே பட்டறையில் கேட்டதற்குப் பழையது துருவில் போய்விட்டது, ரப்பர் போதும் என்று போட்டோம் என்றார்கள். பின்பக்கம் ஸ்லீவ் இருக்கிறது, ஆனால் சேஸ் பிராக்கெட் மேல் தடிமனாக பெயின்ட் இருந்திருக்கிறது, அது வாஷருக்குக் கீழே நசுங்கி உதிர்ந்து கிடக்கிறது. ஒரு 10 எம்எம் போல்ட் நிஜமாகவே 3/8 நட்டில் ஏறியிருந்தது, நட்டைக் கழற்றினால் மரை சுருள் சுருளாக வந்தது.

இரண்டு சந்தேகம். நடுவில் இரண்டு இடத்தில் ஆரம்பத்திலிருந்தே ஸ்லீவ் கிடையாது போல, தட்டையான கேன்வாஸ் ரப்பர் பேட் மட்டும்தான். அங்கே எவ்வளவு? அப்புறம் எந்த வரிசையில் இறுக்குவது?

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, தட்டை பேட் இடத்துக்கு நம்பர் தேடாதீர்கள். பேட் அமுங்குவது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற வரைக்கும், அதன் ஓரம் வாஷரைத் தாண்டிப் பிதுங்காத அளவுக்கும் இறுக்கினால் போதும். அங்கே பிடி குறைவாகத்தான் இருக்கும், அதனால் லாக் நட் கட்டாயம். அது கிடைக்காவிட்டால் இரண்டு நட் போட்டு ஒன்றை ஒன்றோடு இறுக்குங்கள். பழைய டயரை வெட்டிப் பேட் போடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். டயர் துண்டு ஒரு இடம் தடிப்பு ஒரு இடம் மெல்லிசு, அதன் மேல் பாடியை இழுத்து இறுக்கினால் பாடி கோணலாக உட்காரும், கொஞ்ச நாளில் கதவுத் தூண் அடியில் வெல்டிங் விரியும்.

பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மெல்லிசாக ஒரு கோட் துத்தநாக பிரைமர் மட்டும் அடியுங்கள். தடிப்பாகப் பெயின்ட் இருந்தால் நாளடைவில் நசுங்கி நசுங்கிப் பிடி போய்விடும், உங்களுக்கு நடந்தது அதுவேதான்.

வரிசைக்கு: முதலில் எல்லா போல்ட்டையும் விரலால் நாலைந்து மரை மட்டும் ஏற்றி விடுங்கள், ஒன்றைக்கூட இறுக்க வேண்டாம். பாடியைத் தூக்க ஜாக்கி வைத்தால் நடுவில் நீளமான மரப்பலகை கொடுத்துத் தூக்குங்கள், தகரத்தில் நேரடியாக வைத்தால் குழி விழும். தூக்கும்போது ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், பிரேக் பைப், ரேடியேட்டர் ஹோஸ் எதையாவது இழுக்கிறதா என்று ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கியதும் பாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, நடுவில் இருந்து ஆரம்பித்து வலம் ஒன்று இடம் ஒன்று என்று குறுக்கே மாறி மாறி வெளியே போங்கள். முதல் சுற்று பாதி டார்க், இரண்டாவது சுற்று முழு டார்க்.

மலைப்பாதை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று, எர்த் ஒயர். பழைய ரப்பர் நசுங்கி இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தபோது பாடிக்கு எர்த் எப்படியோ கிடைத்திருக்கும். புது ரப்பர் போட்டதும் அது அறுந்துவிடும், ஹெட்லைட் மங்கும், ஹார்ன் இழுக்கும், எல்லோரும் பேட்டரியைச் சந்தேகப்படுவார்கள். சேஸில் இருந்து பாடிக்கு ஒரு எர்த் பட்டை சுத்தமான இரும்பில் போல்ட் போட்டு வையுங்கள்.

இரண்டாவது சீட் பெல்ட். இந்த வண்டியில் பிறகு பெல்ட் போட்டிருந்தால் அந்த ஆங்கர் போல்ட்டைத் தனியாகப் பாருங்கள். முழுக்க மெட்ரிக்காக இருக்கிற புதிய கார்களில்கூட சீட் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. இது தெரியாமல் கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை உள்ளே திணிப்பதை எத்தனையோ வண்டியில் பார்க்கலாம். உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட் அது. அதற்குரிய போல்ட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கோவை பிட்டர் எழுதியது:

ரென்ச் இரவல் வாங்குவதால் அதைப் பற்றிக் கொஞ்சம். கிளிக் ரென்ச்சின் அளவு வரம்பில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கை நம்ப வேண்டாம். 200 என்எம் ரென்ச்சில் 25 வைத்து இறுக்கினால் அது தோராயம்தான். கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக மெதுவாக இழுங்கள், வெட்டி இழுத்தால் அளவு தாண்டிப் போகும். ஒரு கிளிக் போதும், சந்தேகத்துக்கு இரண்டாவது கிளிக் அடிக்காதீர்கள். போல்ட் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள், பைப் சொருகாதீர்கள், வேலை முடிந்ததும் ஸ்கேலில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்குக் குறைத்துத் திருப்பிக் கொடுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். சாக்கெட்டுக்கு நேராக எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறாது. ரென்ச்சின் நீளத்தைக் கூட்டுகிற மாதிரி முன்னால் எதையாவது மாட்டினால் மாறும்.

பாடிக்குள் வெல்டிங் வைத்த நட் துருவோடு இருந்தால் புது போல்ட் ஏற்றுவதற்கு முன் மரை வெட்டுகிற டேப் ஒன்றை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நட் வெல்டிங் விட்டுச் சுற்றினால் தலையை அறுப்பதைத் தவிர வழியில்லை, அந்த இடத்தில் ஃப்ளோரைத் திறந்து புது நட்டை வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். அப்புறம் ரென்ச்சே வேண்டாம், குனிந்து பார்த்தால் கோடு விலகியதா என்று தெரியும்.

ஏலத்தோட்டம் எழுதியது:

லேத்தில் கொடுத்து முன்பக்கத்துக்கு ஸ்லீவ் கடைந்து வாங்கிவிட்டேன், பின்பக்க ஸ்லீவை அளந்து அதே உயரம். போல்ட் எல்லாம் 3/8 மூன்று கோடு, மரை பொடி வகை, நட் எல்லாம் நைலான் லாக். நட் சுற்றவே மூன்று என்எம் கேட்டது, அதனால் ரென்ச்சில் 50 வைத்து இரண்டு சுற்றாக முடித்தேன். நடு பேட் இரண்டையும் பெரியவர் சொன்னபடி கண் அளவில் நிறுத்தினேன். கோடு போட்டாயிற்று, எர்த் பட்டை போட்டாயிற்று. லோடு இல்லாமல் மெட்டு வரை போய் வந்ததில் சத்தம் இல்லை, ஆட்களோடு இன்னும் போகவில்லை.

ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி டார்க் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அப்போது அதே 50 வைத்துச் சும்மா ஒரு கிளிக் கேட்டால் போதுமா?

கோவை பிட்டர் எழுதியது:

கோடு விலகாமல் இருந்தால் கிளிக் மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அது முழு உண்மை சொல்லாது, நின்றுபோன நட்டை நகர்த்தவே கூடுதல் விசை வேண்டும், அதனால் பிடி கொஞ்சம் குறைந்திருந்தாலும் ரென்ச் கிளிக் சொல்லிவிடும். கோடு விலகிய நட் இருந்தால் அதை மட்டும் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஒரே இழுவையில் 50க்குக் கொண்டு வாருங்கள். அதே நட் இரண்டாவது முறையும் விலகினால் இறுக்குவதை நிறுத்திவிட்டு போல்ட்டைக் கழற்றிப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரை இடைவெளி ஒரு இடத்தில் அகன்றிருந்தால் அது இழுபட்ட போல்ட், மாற்ற வேண்டும். இடைவெளி சரியாக இருந்தால் பிராக்கெட்டில் விரிசல் தேடுங்கள், குறிப்பாக பின்பக்கம் வலது ஓரம், ஆள் ஏறி இறங்குகிற பக்கம் எதுவோ அந்தப் பக்கமும்.